எச்சரிக்கை எதுவும் இல்லை

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அந்த மென்பொருளுக்கு நல்ல பெயர். அது வந்ததிலிருந்து மழைக்காக ஒரு நாள்கூடக் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை என்று மேனேஜர் கூட்டத்தில் புகழ்ந்தாராம். அதைச் செய்து கொடுத்த எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பொன்னாடை வந்தது. என் சீனியர் அதைத் தன் நாற்காலியின் முதுகில் விரித்துப் போட்டு, மழைக்காலத்தில் அதில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த மென்பொருளுக்கு ஒரே ஒரு வேலைதான். வானிலை எச்சரிக்கைகளை ஒரு வெப் சர்வீஸ், ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு குறிச்சொல் போட்டு எழுதும் எக்ஸ்எம்எல் வடிவத்தில் தருகிறது. அரை மணிக்கு ஒருமுறை அதை வாங்கிப் பார்த்து, எங்கள் மலைக்கு ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று சூப்பர்வைசர்களின் கைபேசிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். எச்சரிக்கை வந்தால் சரிவில் நிற்கும் பெண்களை அவர்கள் கீழே இறக்க வேண்டும். அந்தப் பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி.

நான் பீர்மேடு பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு லயத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். ஏன் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. வேலை கம்பம்மெட்டில், ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில். சீனியர் வேலந்தாவளத்துக்காரர், பெரிய கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரியின் பேச்சு ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது வரும்.

ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். பஸ் மலை ஏறும்போதே நல்ல மழை. கைபேசியில் மாவட்டம் முழுவதற்கும் எச்சரிக்கை என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்திக்கொண்டு பெண்கள் செங்குத்துச் சரிவில் நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போனேன். கொழுந்தைக் கொட்ட வந்த பெண்களோடு அம்மாவும் நின்றாள். சூப்பர்வைசர் குடையோடு நின்றார். ஏன் இன்னும் இறக்கவில்லை என்று கேட்டேன். அவர் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ‘எச்சரிக்கை எதுவும் இல்லை.’ அரை மணிக்கு ஒன்றாக, வரிசையாக, அதே வாக்கியம்.

“கம்ப்யூட்டரே இல்லங்குது. நீ அதுக்கும் மேலயோ?” என்றார்.

“அந்தக் கம்ப்யூட்டர் எங்க ஆபீசுதான்ணே.”

“அப்ப நீதான இல்லன்னு சொல்லியிருக்க. பெறகு ஏன் எங்கிட்ட வந்து கேக்க?”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் மேலே ஏறிப் போனாள். படித்த மகளே எச்சரிக்கை இல்லை என்று சொன்னால் அவளுக்கு இல்லைதான்.

திங்கட்கிழமை முதல் வேலையாக, சர்வீஸ் அனுப்பிய பதிலை அப்படியே இறக்கிக் கண்ணால் படித்தேன். உள்ளே மூன்று எச்சரிக்கைகள் இருந்தன. ஒன்று எங்கள் மலைக்கு. எங்கள் நிரல் எண்ணிச் சொன்ன கணக்கு பூஜ்யம்.

காரணம் முதல் வரியிலேயே இருந்தது. எல்லாவற்றுக்கும் தலையான குறிச்சொல்லில் ஒரு நீளமான இணைய முகவரி. அதுதான் டீஃபால்ட் நேம்ஸ்பேஸ். இதற்குக் கீழே முன்னொட்டு இல்லாமல் வரும் குறிச்சொற்கள் எல்லாம் இந்த முகவரியைச் சேர்ந்தவை என்று அது சொல்கிறது. எங்கள் நிரலோ எந்த முகவரியும் இல்லாத ‘எச்சரிக்கை’யைத் தேடிக்கொண்டிருந்தது. பார்க்க ஒரே பெயர், ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு.

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய கல்லூரி வேண்டாம். எஸ்டேட்டில் எங்கள் டிவிஷனுக்குள் ஐந்தாம் லயம் என்றால் போதும், யாருக்கும் தெரியும். ஆனால் எல்லா டிவிஷனிலும் ஓர் ஐந்தாம் லயம் உண்டு. கல்லூரி விண்ணப்பத்தில் நான் வெறும் ஐந்தாம் லயம் என்று எழுதிக் கொடுத்தேன். சேர்க்கைக் கடிதம் வேறொரு ஐந்தாம் லயத்தில் போய்க் கிடந்தது. உள்ளே இருப்பவர்களுக்குப் போதுமான பெயர் வெளியே இருந்து தேடுகிறவனுக்குப் போதாது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

சீனியர் என்ன செய்தார் தெரியுமா? அந்த முகவரியை எடுத்து பிரௌசரில் ஒட்டித் திறந்தார். பக்கம் இல்லை என்று வந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

“பாரும்மா, லிங்க்கே செத்துப்போச்சு. தப்பு அவங்க மேலதான்.”

அது திறப்பதற்கான முகவரி இல்லை, முகவரி மாதிரி எழுதிய ஒரு பெயர் மட்டும்தான் என்றேன். தொறக்காத அட்ரஸை எவன் வேலை மெனக்கெட்டு எழுதுவான் என்று கேட்டார். அவர் சோதனைக்கு வைத்திருந்த மாதிரிக் கோப்பைத் திறந்தேன். சர்வீஸ் அனுப்புவது போலவே எல்லாம் இருந்தது, அந்த முகவரி மட்டும் இல்லை.

“நீளமா அசிங்கமா இருந்துச்சு. தேவையில்லாததுன்னு நான்தான் எடுத்துட்டேன்.”

கோப்பை அழகு பார்த்து, அந்த அழகான கோப்பில் மட்டும் சோதித்து, எல்லாம் சரி என்று சான்றும் கொடுத்திருக்கிறார். அதற்குத்தான் பொன்னாடை.

இப்போதும் அவர் சொன்ன தீர்வு அதேதான். பதில் வந்ததும் அந்த முகவரியை எழுத்தோடு எழுத்தாக வெட்டி எறிந்துவிட்டுப் படிக்கலாமாம். நாளைக்கு அவர்கள் முகவரியைச் சுற்றியுள்ள மேற்கோள் குறியை மாற்றினாலோ ஒரு முன்னொட்டைச் சேர்த்தாலோ மறுபடி பூஜ்யம்தான். நான் ஒரு சின்ன முன்னொட்டை எடுத்து, அதை அந்த முகவரியோடு நிரலில் இணைத்து, தேடும் இடத்தில் எல்லாம் அதைப் போட்டு எழுதினேன். முன்னொட்டு நம் இஷ்டம், முகவரி மட்டும் ஓர் எழுத்து பிசகக் கூடாது. மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரி. கூடவே இன்னொன்றும் சேர்த்தேன். தலையான குறிச்சொல்லே அகப்படவில்லை என்றால் ‘எச்சரிக்கை எதுவும் இல்லை’ என்று அனுப்பக் கூடாது, ‘படிக்க முடியவில்லை’ என்று அனுப்ப வேண்டும். இதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. நமக்குத் தெரியலைன்னு நாமளே வாடிக்கையாளர்கிட்டச் சொல்றதா என்றார். சொல்லவில்லை என்றால் மேனேஜரிடம் நானே போய் இத்தனை நாள் கதையையும் சொல்வேன் என்றேன். என்னமோ பண்ணு என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை எங்கள் மலைக்கு எச்சரிக்கை வந்தது. செய்தி போனது. சிறிது நேரத்தில் சூப்பர்வைசர் அலுவலகத்துக்கே போன் செய்தார். சீனியர் பாதி கேட்டுவிட்டு, வெகு சந்தோஷமாக என்னிடம் போனைக் கொடுத்தார்.

“இத்தன நாளும் ஒழுங்காத்தான ஓடிச்சு? கேடு வந்துட்டுன்னு நெனைக்கேன். பழையபடி ஆக்கித் தந்துரு, மோளே.”

“ஆளுகள எறக்கியாச்சாண்ணே?”

“எறக்காம? எச்சரிக்கைன்னு மெசேஜ் வந்தா எறக்கணும்னுதான உத்தரவு.”

போதும் என்று வைத்துவிட்டேன். சீனியர் பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்று பயம் போல.

மத்தியானம் அம்மா கூப்பிட்டாள். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் அவள் குரலே சரியாகக் கேட்கவில்லை. மலை அப்படியே நிற்கிறதாம், ஒரு கல்கூட உருளவில்லையாம், சூப்பர்வைசர் என்னைத் திட்டிக்கொண்டே திரிகிறாராம்.

“திட்டட்டும்மா. நீ வீட்லதான இருக்க?”

“வீட்லதான் இருக்கேன். பகல்ல வீட்ல இருந்து என்னத்தச் செய்ய? ரெண்டு மட்டம் கட்டன் சாயா போட்டுக் குடிச்சாச்சு. நாளைக்கும் எச்சரிக்கை இருக்குன்னா இப்பமே சொல்லிரு பிள்ள. தோசைக்கு அரிசி ஊறப்போடணும்.”