கடைசித் தெருவின் முறை

உத்திரமேரூருக்கு நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு ஊரில் டேனியல் டேங்க் ஆபரேட்டர். மோட்டார் போட்டு டேங்கை நிரப்பி, தெருத்தெருவாக வால்வைத் திறந்து குடிதண்ணீர் விடுவது பத்தொன்பது வருடமாக அவர் வேலை. விடியற்காலையில் டேங்கின் அடியில் நின்று, இன்றைக்கு யாரிடமும் கோபப்படக் கூடாது என்று ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டுத்தான் வால்வில் கை வைப்பார்.

கோபமே வராத மனுஷன் என்று பெயர். வயதில் சின்னவர்கள் "டேய் டேனியலு" என்று கூப்பிட்டாலும், "தோ வந்துட்டேங்க" என்பார். பெரிய தெருவில் தனியாக இருக்கும் சொக்கம்மாளுக்கு முட்டிவலி என்பதால், அந்த அம்மாளின் இரண்டு குடங்களையும் தானே நிரப்பி வாசலில் வைத்துவிட்டு வருவார்.

ஊரில் நாலு தெரு. தண்ணீர் முதலில் பெரிய தெருவுக்கு, கடைசியில் காலனிக்கு. டேனியலின் வீடும் சர்ச்சும் காலனியில்தான். தன் ஜனத்துக்குக் கடைசியாக விடுவதுதான் தாழ்மை என்று அவர் நம்பியிருந்தார்.

போன மே மாதம் இரண்டு போர்வெல்களில் ஒன்று வற்றிப்போனது. பாதி டேங்க்தான் நிரம்பியது. மூன்று தெருவுக்கு விட்டு முடித்தால் காலனிக் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. நாலாம் நாள், பிள்ளை பெற்று பன்னிரண்டு நாளே ஆன பக்கத்து வீட்டு அம்முலு, கழனி பம்புசெட்டிலிருந்து குடத்தைத் தூக்கி வரும்போது வரப்பில் விழுந்தாள். நல்லவேளை, முழங்கை சிராய்ப்போடு போயிற்று.

அன்று டேனியலின் மனைவி நிஷா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆண்டவரு சீஷருங்க காலக் கழுவினாரே, அதுக்குப் பக்கத்து வூட்டுத் தண்ணியவா புடுங்கினாரு?"

டேனியல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நீ நல்ல பேரு வாங்குறதுக்கு நாங்க ஏன் காஞ்சிக்கினு கெடக்கணும்?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். அவள் சொன்னது நிஜம். பெரிய தெருக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயத்துக்குத்தான் அவர் தாழ்மை என்று பெயர் வைத்திருந்தார். கையைக் கழுவிவிட்டு நேராக அம்முலு வீட்டுக்குப் போனார்.

"மன்னிச்சிக்கமா. தப்பு என்னுது."

"ஐயோ, நீ இன்னா மாமா பண்ணுவ?" என்றாள் அவள், குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டே.

மறுநாள் முதலில் காலனி வால்வைத் திறந்தார். ஆறு மணிக்கெல்லாம் பெரிய தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் டேங்குக்கு வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் பஞ்சாட்சரம்; பதினைந்து ஏக்கர் நெல் பயிரிடுகிறவர். அவர் பேச்சுக்கு அந்தத் தெருவில் மறுபேச்சு இல்லை.

"இன்னா டேனியலு, எங்க தெருவுல தண்ணியக் காணோம்?"

"இன்னிக்குக் காலனிக்கு மொதல்லங்க, ஒங்களுக்குக் கடைசிங்க. இனிமே ஒரு நாளைக்கு ஒரு தெரு மொதல்லங்க. நாலு தெருவுக்கும் நேரம் சமமாப் பிரிச்சிட்டேங்க."

"ஒன் ஆளுங்களுக்கு மொதல்லயா?" என்றான் பின்னால் நின்ற மோகன்குமார்.

டேனியல் கையைக் கட்டவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"பத்தொம்பது வருசமா அவங்களுக்குத்தான் கடைசி தம்பி. அப்டி வுட்டது என் தப்பு. ஒங்க தெரு பங்குல ஒரு கொடங்கூட கொறையாமப் பாத்துக்கறது என் பொறுப்பு."

மேலே டேங்கிலிருந்து தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும் குழாயில் கேட்டது. பஞ்சாட்சரம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்களுக்கு எத்தினி மணிக்கு?"

"ஏழேகாலுக்குங்க."

"செரி. அத்த ஒரு அட்டைல எழுதி மாட்டு. பொம்பளைங்க கொடத்த வச்சிக்கினு சும்மா நிக்கிறாங்க."

அவ்வளவுதான். திரும்பி நடந்தார். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்கள். மோகன்குமார் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். டேனியல் டேங்கின் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, "ஸ்தோத்திரம்" என்றார். கண்ணில் நீர் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஏழேகாலுக்குப் பெரிய தெரு வால்வைத் திறந்தார். சொக்கம்மாளின் குடங்களை நிரப்பி வைத்தார். வீட்டுக்கு வந்தபோது நிஷா குடம், அண்டா, குண்டான், பரண் மேல் கிடந்த பழைய பெயின்ட் டப்பா வரைக்கும் நிரப்பி வைத்திருந்தாள்.

"இன்னாத்துக்கு இத்தினி?" என்றார்.

"நாளைக்கு வருமா?"

"வரும்."

அவள் பெயின்ட் டப்பாவைத் தூக்கி, வாசலில் இருந்த முருங்கைக்கு ஊற்றினாள்.