சொந்த மகளிடம் கேட்ட கேள்வி

நாடு சுதந்திரமடைந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சபையில் எனக்குப் பைபிள் ஸ்திரீ வேலை. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிள்ளைகளைக் கர்த்தருக்குள் எப்படி வளர்ப்பது, குடும்ப ஜெபத்துக்கு எப்படி நேரம் ஒதுக்குவது என்றெல்லாம் தாய்மாருக்குப் புத்தி சொல்வேன். நன்றாகப் பேசுவேன் என்று பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

என் கணவர் மலையில் ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரி. மாதம் இரண்டு தரம் வருவார். ஏழு வயதில் எங்களுக்கு ஒரே மகள். விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பினால் திரும்ப விளக்கு வைக்கும் நேரம் தாண்டிவிடும். பிள்ளைக்குச் சோறும் படுக்கையும் எதிர்வீட்டில். அந்த வீட்டம்மாளுக்கும் மூன்று பிள்ளைகள். "மூணோட நாலா கெடக்கட்டும், நீங்க ஊழியத்தப் பாருங்க" என்பார். அதைக் கேட்டு நான் நிம்மதியடைந்தேனே தவிர, வெட்கப்படவில்லை.

சனிக்கிழமைகளில் பத்மநாபபுரம் போகும் வழியில் ஒரு சிற்றூரில் சிறுபிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவேன். ஓலைக் கொட்டகையில் நாற்பது பிள்ளைகள்வரை வரும். முடியும்போது ஒவ்வொருவராக என்முன் வந்து நிற்பார்கள். பேர் கேட்பேன், அந்த வாரம் என்ன செய்தாய் என்று கேட்பேன், தலையில் கைவைத்து ஜெபித்து, எங்கள் மிஷனை நடத்திய வெள்ளைக்கார மிசியம்மா தந்த படஅட்டையில் ஒன்றைக் கொடுப்பேன். சீமையிலிருந்து வந்த பழைய கிறிஸ்மஸ் வாழ்த்துகள்தான் அவை. பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆசை.

அன்றைக்கு நான் குனிந்து அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அடுத்து ஒரு பெண்பிள்ளை வந்து நின்றது. ஒட்ட வெட்டிய தலை கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. புதுப்பிள்ளை என்று நினைத்து, நிமிராமலே, "மக்களே, நீ யாருக்க பிள்ளை?" என்று கேட்டேன்.

தலையில் கையை வைத்தபடி மறுபடி கேட்டேன்.

"ஒங்களுக்க பிள்ளைதாம்மா" என்றாள்.

பேன் அதிகமென்று எதிர்வீட்டம்மாள் அவள் முடியை வெட்டிவிட்டிருந்தார். தலையைப் பார்த்து அடையாளம் தெரியாமல் போயிற்று என்று பிறகு எத்தனையோ தரம் எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் முடி வெட்டியது திங்கட்கிழமை. இடையில் ஐந்து நாள் நான் அந்த வீட்டுக்கு எதிரே என் வீட்டில்தான் இருந்தேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். கொட்டகை ஓரத்தில் நின்ற தாய்மார் என்னைப் பார்த்தார்கள். நான் செய்ததைச் சொல்லவே கூசுகிறது. அட்டை ஒன்றை அவள் கையில் திணித்து, "சரி, அடுத்த ஆள் வா" என்றேன். ஜெபிக்கவில்லை.

வரும் வழியில், குளத்தங்கரையில், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து அவளை ஏசினேன். "ஏட்டி, மூணு மைலு தனியா நடந்து வர ஒனக்கு ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல. அங்க வந்தா நீங்க எல்லார்ட்டயும் பேரு கேப்பியளாம், என்ன செஞ்சேன்னு கேப்பியளாம். அதான் வந்தேன்."

அப்போதும் நான் அவளை அணைத்துக்கொள்ளவில்லை. வேகமாக நடந்தேன். அவள் பின்னால் ஓடி ஓடி வந்தாள்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்று வாரம் கழித்துப் பெண்கள் கூட்டத்தில் பேசும் முறை எனக்கு வந்தது. தலைப்பு, தாயின் கடமை. பேச்சின் நடுவே, "எனக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறாள்" என்று தொடங்கி நடந்ததை அப்படியே சொன்னேன். அந்தத் தாயைக் கடுமையாகக் கண்டித்தேன். பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். மிசியம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் மகள் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "அம்மா, அந்த அம்மா ஆரு?"

"நீ அறியாத ஒருத்தி."

கொஞ்சதூரம் நடந்தோம். பிறகு, "அந்தப் பிள்ளைக்கும் முடி வெட்டியிருந்துச்சா?" என்றாள்.

"வேகமா நட" என்றேன். உபதேசம் பண்ணிய வாய்தான்.

மறுநாள் கிணற்றடியில் அவளைக் குளிப்பாட்டும்போது சொன்னேன், "மக்களே, அந்த அம்மா நான்தான்." அவள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியுமே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

மிசியம்மாவிடம் போய்ச் சனிக்கிழமை வகுப்பை வேறொருவருக்குக் கொடுக்கச் சொன்னேன். காரணம் கேட்டார். வீட்டில் வேலை என்றேன். உண்மையைச் சொல்ல அன்று துணிவு வரவில்லை. கூட்டத்தில் எழுந்து சொல்லும் துணிவு கடைசிவரை வரவில்லை.

முதல் சனிக்கிழமை இருவரும் வீட்டில் இருந்தோம். என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளிடம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "ஒரு வசனம் சொல்லு" என்றேன். அவள் எழுந்து கைகட்டி நின்று ஒப்பித்துவிட்டு, உட்காரலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். அதன்பிறகு வசனம் கேட்பதை விட்டேன். புளி உடைத்தோம், கோழிக்குத் தவிடு குழைத்தோம். இரண்டு மாதம் போனபின் ஒருநாள், பள்ளிக்கூடத்தில் தன்னோடு யாரும் சேர்ந்து உட்காருவதில்லை என்று தானாகச் சொன்னாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். "போன வருசத்துலேருந்து" என்றாள்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அவளுக்குக் கடுங்காய்ச்சல். வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்தேன். மத்தியானம் காய்ச்சல் ஏறியபோது கண்ணை மூடியபடி, "சித்தி, சித்தி" என்று முனகினாள். எதிர்வீட்டம்மாளை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். நெற்றியில் ஈரத்துணியோடு இருந்தது என் கை. நானும் இருக்கிறேன் மக்களே என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எழுந்து, மழையில் முற்றத்தைக் கடந்து போய் அவரைக் கூப்பிட்டேன்.

அவர் அடுப்பில் கிடந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். பிள்ளை அவர் மடிக்கு நகர்ந்தது. நான் கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களைத் தேய்த்துவிட்டேன்.

"நீங்க ஜெபம் பண்ணுங்க டீச்சரே" என்றார் அவர்.

"நீங்களே பண்ணுங்கக்கா" என்றேன்.