லோஜனாவின் தலையில் நல்லெண்ணெய்

என் தங்கை லோஜனா நியூ லின் என்ற புறநகரில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். உடைந்த பல்லைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வருகிறவர்களை நாள் முழுவதும் பார்ப்பவள். அதனால் அவளுடைய ஐஸ் ஹாக்கி அணியில் பல்காப்பு இல்லாமல் எவரும் பனியில் கால் வைக்க முடியாது. வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் வாயைத் திறக்கச் சொல்வாள். கழுத்துக்காப்பையும் இழுத்துப் பார்ப்பாள்.

அணியில் கோல் காப்பவள் அவள் ஒருத்திதான்.

இறுதியாட்டம் ஒரு வெள்ளி மாலை. வேலையால் களைத்து வந்தவளின் ஹெல்மெட்டுக்குள் அம்மா கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "இவ்வளவு தடிப்பான பஞ்சு. மண்டை அவிஞ்சு போயிடும்" என்று உச்சியில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தார். லோஜனா கண்ணை மூடிச் சுகமாக இருந்துவிட்டாள். முழுக நேரமில்லை. அப்படியே கொண்டை போட்டுப் புறப்பட்டாள்.

ஆட்டத்துக்கு முன் நடுவர் அவளுடைய முகக்கம்பியைப் பிடித்து ஆட்டினார். ஹெல்மெட் வழுக்கித் திரும்பி, கம்பி காதுப் பக்கம் போய் நின்றது.

"இது அசையாமல் இருந்தால்தான் விளையாடலாம். பனியைச் சீராக்கும் வண்டி சுற்றி முடிக்கும்வரை காத்திருப்பேன்" என்றார்.

"ஊரையே செக் பண்ணுவியே, உன்னை யாருடி செக் பண்றது?" என்றாள் மஹதி. அணியில் இருக்கும் சென்னைப் பெண்.

நான் எதிரே இருந்த டெய்ரி என்கிற மூலைக்கடைக்கு ஓடி, எண்ணெயை எடுக்கக் கடலை மா வாங்கி வந்தேன். அதில் பாதியோடு அம்மா அவளைக் கழுவுதொட்டிக்கு இழுத்துப்போனார். ஹெல்மெட்டின் பஞ்சுகளைக் கழற்றி, மீதியை அவற்றில் தேய்த்துத் துடைத்தேன். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டுகிற எனக்கு அந்தத் திருகாணிகள் பெரிய வேலையல்ல.

கை உலர்த்தும் இயந்திரத்தின் கீழ் தலையைக் கொடுத்தபடி அவள் கத்தினாள். "அண்ணா, வண்டி வெளியால போகுது."

"போகட்டும். ஒரு திருகாணி மிச்சம்."

நடுவர் மறுபடியும் ஆட்டினார். ஹெல்மெட் அசையவில்லை. மூக்கைச் சுளித்து ஏதோ பலகாரம் மணக்கிறது என்றார், போகவிட்டார்.

ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். கடைசி நிமிடத்தில் எதிரணிக்காரி அடித்த ரப்பர் வட்டு லோஜனாவின் நெற்றிக்கு நேரே வந்தது. ஹெல்மெட்டில் பட்ட சத்தம் கூரை வரை கேட்டது. அம்மா என் கையை நகம் பதியப் பிடித்தார். லோஜனா ஒரு அடி பின்வாங்கினாள். காலடியில் விழுந்த வட்டின்மேல் பாய்ந்து படுத்தாள். விசில் ஒலித்தது. எழுந்து ஹெல்மெட்டை இரண்டு தட்டுத் தட்டி எங்களுக்குக் கை காட்டினாள்.

வெற்றிக் கோப்பையோடு வந்தவளிடம் அம்மா சொன்னார்: "பார்த்தியே, எண்ணெய் வைச்சபடியாத்தான் மண்டை தாங்கினது."

"ஓம் அம்மா, ஓம்" என்று அவள் சிரித்தாள்.

"ஆன்ட்டி, எனக்கும் வெச்சு விடுங்க" என்றாள் மஹதி. "மேட்ச் இல்லாத நாளாப் பாத்து."

இப்போது லோஜனா வாசலில் தலைகளையும் தடவிப் பார்க்கிறாள். முதலில் தன்னுடையதை.