வாசல் கல்லில் சிவப்பு அம்பு

எடை போடுகிறவர் யாரையும் நான் முழுதாக நம்பியதில்லை. பட்டு நூலை எடை போட்டு வாங்கி, நெய்த சேலையை எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிற வீடு எங்களுடையது. மழை நாளில் பட்டு ஈரம் குடித்துக் கனக்கும். பட்டு முதலாளிகள் அந்தக் கனத்தோடு நம் கையில் தந்துவிட்டு, வெயில் நாளில் சேலையை நிறுத்து, குறைகிறதே என்று நம் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் முள் நிற்கிறவரை தராசிலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன். படிப்பு எனக்கு எழுத்துக் கூட்டுகிற அளவுதான். எண் மட்டும் தப்பாது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஆரணியில் பக்கத்துத் தெருவை அகலப்படுத்துகிறோம் என்று வந்தவர்கள் சுவரெல்லாம் சிவப்பில் அம்பு போட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் அம்பு விழுந்த வீடுகளின் முன்பக்கம் போயிற்று. எங்கள் முன்னறை தெருப்பக்கம் இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும். என் மகன் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற தறிக்குழி அந்த அறையில்தான். அறை போனால் குழியும் போகும். பின்பக்கம் தறி போட இடமே கிடையாது.

ஒரு காலை நான் கொல்லையில் பட்டின் பசை போக சோடாத் தண்ணீரில் வேகவைத்துக்கொண்டிருந்தேன். மருமகள் ஓடி வந்தாள்.

“அத்தே, ஜீப்புல வந்தவரு நம்ம வாசக்கல்லு மேல ஒரு பொட்டிய வச்சிப் பாத்தாரு. அப்புறம் அம்பு போட்டுட்டுப் போய்ட்டாரு.”

“இன்னா கலரு?”

“சிவப்பு.”

கொதிக்கிற சோடாத் தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு வந்து ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தேன். பாதிதான் போயிற்று. மீதியை விட்டுவைக்க மனம் வரவில்லை. இருவருமாகக் கல்லை நெம்பிக் கவிழ்த்துப் போட்டோம்.

பொழுது சாயுமுன் ஜீப் திரும்பி வந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கி எங்கள் வாசலையே சுற்றிச் சுற்றி வந்தார்.

“அம்மா, காலைல இந்தக் கல்லுல ஒரு குறி வச்சிருந்தோம்.”

“யாரக் கேட்டு வச்சீங்க?”

“கேக்கலாம்னு பாத்தேன், வாசல்ல யாரும் இல்ல.”

“ஆளில்லாத வூடா பாத்து குறி வப்பீங்களா? எந்த ஆபீஸு நீங்க?”

அட்டையை நீட்டினார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரை பொறுமையாக நின்றார். ‘நில’ என்று ஆரம்பித்தது. எனக்கு அது போதும்.

“நிலத்த எடுக்க வந்துகிறீங்களா?”

“எடுக்க வரலம்மா. எடை போட வந்திருக்கோம். பூமி எங்க எவ்வளவு இழுக்குதுன்னு.”

எடை என்றதும் பெட்டியை உற்றுப் பார்த்தேன். “தராசுன்னா தட்டு எங்க?”

“தட்டு கிடையாது. உள்ள சுருள் கம்பி. பூமி இழுக்கிற இழுப்புக்கு மயிரிழை நீளும். கடலோரத்துலேர்ந்து மேற்க வரிசையா பாத்துகிட்டே வர்றோம். செய்யாறு முடிஞ்சது. இன்னைக்கு போளூர் பக்கம்.”

“ஊர்ல இத்தினி கல்லு கீது. எங்க வூட்டுக் கல்லு எதுக்கு?”

அவர் பெட்டியைத் தொட்டுக்கொண்டு சொன்னார்: “இது பொழுதுக்கும் ஒரே மாதிரி காட்டாதும்மா. தானா கொஞ்சம் மாறும். காலைல வச்ச அதே கல்லுல சாயங்காலம் வச்சாதான் எவ்வளவு மாறிச்சுன்னு தெரியும். கல்லு கெடைக்கலன்னா இன்னைக்கு பூரா எடுத்தது வீண்.”

‘என் தராசு மாறும்’ என்று தன் வாயால் சொன்ன ஒருவரை அன்றுதான் பார்த்தேன். மருமகள் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யாரோ கவுத்துப் போட்டுட்டாங்க போலகீது” என்றேன். மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கல்லைத் திருப்பினோம். பழைய உயரத்தில் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார்.

“நெசவுக்காரி வச்ச கல்லு சார். நூல் பிசகாது.”

நான்கு நாள் வேலை என்றார். முடிந்ததும் என் கண் முன்னால் அவரே குறியை அழிக்க வேண்டும் என்று பேச்சு. அதுவரை அம்பின் மேல் நூல் கூடையைக் கவிழ்த்து வைத்தேன். காலையும் மாலையும் அவர் வரும்போது கூடையை எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பேன்.

“எடை போட்டு இன்னா கண்டுபுடிச்சீங்க?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“கடலோரத்துல பூமியோட மேல் ஓடு மெலிசும்மா. இங்க வர வர தடிமன். மெலிசான எடத்துல இழுப்பு அதிகம்.”

“மெலிசு கனக்குமா? தலகீழா சொல்றீங்களே.”

“ஓடு மெலிஞ்சா அடியில இருக்கிற கனமான பாறை மேல ஏறி வந்துடும். அந்தக் கனம்தான்.”

“அங்க மட்டும் ஏன் மெலிசாச்சு?”

“ஒரு காலத்துல நம்ம கிழக்க கடலே இல்ல. அந்தப் பக்கமும் நிலம், ஒண்ணா ஒட்டியிருந்தது. அடியில சூடேறி, ரெண்டு பக்கமும் இழுபட்டு, நடுவுல மெலிஞ்சு பிஞ்சது. அந்தச் சந்துல கடல் வந்தது.”

“பாறை எங்கனா நீளுமா? ஒடையும்.”

“சூடா இருந்தா நீளும்.”

உலர்ந்த இழையை இழுத்தால் பட்டென்று போகும். கொதிக்கிற பானையிலிருந்து எடுத்த ஈர இழை கொஞ்சம் நீண்டுகொடுத்துத்தான் அறும். இது எனக்குத் தெரியும்.

“அறுந்தா ரெண்டு முனை இருக்கணுமே. இன்னொண்ணு எங்க?”

“தெற்க, பனி மூடின கண்டத்துல.”

“நீங்க பாத்தீங்களா?”

“இல்லம்மா. போய்ப் பாத்தவங்க எழுதினதப் படிச்சேன்.”

“இன்னும் பிஞ்சிகினுதான் கீதா?”

“இந்தக் கரையில அந்த இழுப்பு எப்பவோ நின்னுபோச்சு. ஆறு கொண்டுபோற மண்ண வாங்கிகிட்டு மெதுவா அமிழுது. சத்தம் போடாத கரை.”

“சத்தம் போடாம இருக்கறவங்க மேலதான் சார் எனக்கு சந்தேகம்.”

அன்று அவரும் சிரித்தார்.

நான்காம் நாள் மாலை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்து அம்பை அவரே அழித்தார். நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்குள் ஜீப்பின் முன்பக்கம் திறந்து கிடந்த நோட்டைப் பார்த்துவிட்டேன். எங்கள் வாசல், கல், சுவர் எல்லாம் பென்சிலில் வரைந்திருந்தது. முன்னறை தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதும் இருந்தது. பக்கத்தில் 2 என்று எண்.

“இது எதுக்கு?”

“பின்னால வேற யாராவது வந்தா எடம் தெரியணும்ல.”

“வேற யாராவதுன்னா?”

எவர் கையில் அந்த நோட்டு போகும் என்று அவருக்கே தெரியாது. அதையும் ஒளிக்காமல் சொன்னார்.

“அந்த ரெண்டடிய அழிங்க சார்.”

“அம்மா, இது...”

“உங்களுக்குக் கல்லுதான வேணும்? சுவரு எதுக்கு?”

அவர் ரப்பரை எடுத்து 2-ஐ அழித்தார். நீட்டலையும் அழித்து, சுவரைத் தெருவோடு நேராக ஒரே கோடாக இழுத்தார். கல்லும் வாசலும் அப்படியே இருந்தன. நோட்டை வாங்கி, அடியில் கார்பன் தாள் ஏதும் இருக்கிறதா என்று பக்கத்தைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன்.