பௌர்ணமியன்று நேர்காணல்

அன்று யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு உள்ளறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, என் மகள் ஹரிணி. வாசலில் போட்ட சர்பத் கடையில் அவள் அம்மா செல்வி. அயர்லாந்தில் ஆற்றங்கரை உணவகம் ஒன்றின் சமையற்கட்டில், வெங்காயம் நறுக்கிக்கொண்டு நான். அதே ஆற்றின் மறுகரையில், பல்கலைக்கழகக் கட்டடத்தில், ஹரிணியை வீடியோவில் நேர்காணல் செய்ய உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள். இவர்களைத் தவிர, எங்கள் வீட்டு வாசலையொட்டிக் கிரிவலம் போய்க்கொண்டிருந்த லட்சக்கணக்கான பேர். அன்று சித்ரா பௌர்ணமி.

அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது என் போன் நம்பர் என்பதால், நேர்காணல் தேதிகள் எனக்குத்தான் வந்தன. நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஆங்கிலத்தில் எது வந்தாலும் பாதிதான் புரியும். செல்வி ஊரிலிருந்து அனுப்பிய காலண்டர் என் அறைச் சுவரில் தொங்குகிறது. வந்த தேதிகளில் ஒன்றில் மட்டும் வெள்ளை வட்டம் போட்டிருந்தது. சாமியே கொடுத்த நாள் என்று நினைத்து அதை அழுத்திவிட்டேன். இந்த ஊரில் பௌர்ணமியால் யாருக்கும் எந்த வேலையும் இல்லை. மேகத்துக்குப் பின்னால் வரும், போகும், ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. ஏழு வருடம் அப்படியே பார்த்துப் பழகிவிட்டேன். எனக்கு வட்டம் நினைவிருந்தது, கூட்டம் மறந்துவிட்டது. பௌர்ணமி வந்தால் எங்கள் பக்கம் பஸ் வராது, ஆட்டோ வராது, அத்தனை பேர் கையிலும் போன் இருப்பதால் சிக்னலும் வராது.

செல்வி எலுமிச்சம்பழ மூட்டை இறக்கிய அன்றுதான் அவர்களுக்கே உறைத்திருக்கிறது. ஹரிணி போன் செய்தாள்.

“ஏம்ப்பா, அன்னிக்கு சித்ரா பௌர்ணமின்னு உனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுதாம்மா எடுத்தேன். நல்ல நாளாச்சே.”

“எங்க ஊரு உனக்கு சுத்தமா மறந்துடுச்சுப்பா” என்றாள்.

தேதியை மாற்றப் பார்த்தோம், முடியவில்லை. வேங்கிக்காலில் என் தங்கை வீட்டில் கேபிள் நெட் இருக்கிறது, முந்தின நாளே போய்விடு என்றேன். செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. வருடத்தில் ஓடுகிற வியாபாரமே அந்த ஒரு நாள்தான், பழம் பிழிய ஆள் வேண்டும் என்றாள். நேர்காணல் மதியம்தானே, அதுவரைக்கும் கூட இருக்கட்டும், பிறகு வீட்டிலிருந்தே பேசட்டும், வெயிலில் யார் கிரிவலம் வரப்போகிறார்கள் என்றும் சொன்னாள். அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

இங்கே காலை பத்து, அங்கே மதியம் இரண்டரை. கொஞ்ச நேரத்தில் ஹரிணியிடமிருந்து ஒரு வாட்ஸப் செய்தி வந்தது: “கட் ஆகிட்டே இருக்குப்பா.” அவ்வளவுதான். நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. போன் போட்டால் போகவில்லை.

என் பயம் எது என்பதைச் சொன்னால்தான் அடுத்து நான் செய்தது புரியும். இந்த நேர்காணல், வருகிற பிள்ளை உண்மையிலேயே படிக்கத்தான் வருகிறதா என்று பார்ப்பதற்கு. திருவண்ணாமலையில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர் என்னிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். “சார், நீங்க அங்கயே இருக்கீங்கன்னு ஃபார்ம்ல போட்டாச்சு, அதோட உட்டுடுங்க. நேர்ல போய் நின்னுடாதீங்க. பொண்ணு படிக்க வரல, அப்பாகூட தங்க வருதுன்னு எழுதிடுவாங்க.” உங்களில் பிள்ளைகளை அனுப்ப நினைப்பவர்களுக்கு இதே பயம் இருக்கும். போனால் சந்தேகப்படுவார்கள். போகாவிட்டால் நேர்காணலுக்கே வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். ஹரிணிக்கு நுண்ணுயிரியல் படிக்க வேண்டும். வேறு எங்கும் அவள் போடவில்லை. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் பாலத்தைத் தாண்டி ஓடினேன்.

வரவேற்பில் இருந்த இளம்பெண் என் மேல் அடித்த வெங்காய வாடையைப் பொறுத்துக்கொண்டு கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இன்று முழுநிலா, மக்கள் மலையைச் சுற்றி நடக்கிறார்கள், அதனால் என் மகளின் போன் வேலை செய்யவில்லை என்றேன். போராட்டமா என்றாள். இல்லை, நடக்கிறார்கள் என்றேன். மலை உச்சிக்கா? இல்லை, சுற்றி. சுற்றி எங்கே போவார்கள்? புறப்பட்ட இடத்துக்கே என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அங்கே யாருக்கும் ஆபத்து இல்லையே என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் மாடிக்குப் போன் செய்ய, நேர்காணல் செய்யும் அம்மாளே இறங்கி வந்தார். நான் மறுபடியும் முழுநிலாவிலிருந்து ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “தெரியும். உங்கள் மகள் ஜன்னலைத் திறந்து காட்டினாள். நானும் பார்த்தேன். வேறு நாள் கொடுத்துவிட்டேனே” என்றார்.

போனை ஜன்னல் பக்கம் திருப்பி அவள் காட்டியது எனக்கு எப்படித் தெரியும்? அவள் பாட்டுக்குச் சமாளித்துவிட்டாள். போகக்கூடாத இடத்தில் ஏப்ரனோடு போய் நின்றவன் நான்தான். போகும்போது அந்த அம்மாள், “இவ்வளவு பக்கத்திலா இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். சும்மா கேட்டாரா, குறித்துக்கொள்ளக் கேட்டாரா என்று யோசித்து யோசித்து இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயந்தரம் சிக்னல் வந்ததும் ஹரிணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “அடுத்த தேதிய நான் பாத்துக்கறேன். நீ கம்முனு வெங்காயம் வெட்டுப்பா” என்றாள். பின்னால் செல்வி சிரிப்பது கேட்டது.

அந்த நேர்காணலை வேங்கிக்காலில் என் தங்கை வீட்டிலிருந்து முடித்தாள். இடம் கிடைத்துவிட்டது. நான் வரி கட்டுகிற ஊரில் அவள் வெளிநாட்டு மாணவி, உள்ளூர்ப் பிள்ளைகளின் கட்டணம் அவளுக்குக் கிடையாது. செல்வி மாதாமாதம் கட்டிவந்த ஏலச்சீட்டை முன்னாலேயே எடுத்துக் கட்டணத்தின் முதல் தவணையைக் கட்டினோம். விசா இனிமேல்தான். இங்கே ஒரு ரொட்டி வாங்கினாலும் நான் ரூபாயில் பெருக்கிப் பார்த்துத்தான் எடுக்கிறேன். ஊரில் செல்வி அதற்கு நேர்மாறாக ஆகிவிட்டாள். “எவ்ளோன்னு யூரோலயே சொல்லுங்க. ரூபாய்ல கேட்டா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது” என்கிறாள். அவளுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். இன்னும் கட்ட வேண்டியது ஒன்பதாயிரத்து நானூறு யூரோ.