கோல் கம்பத்துக்குப் பின்னால்

சைதாப்பேட்டை மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் மயிலாப்பூர் ஜனங்கள் எல்லாம் தூரத்தில் மரத்தடியில் நிற்கிறார்கள். எங்கள் கோலைக் காக்கிறவன் என் கடைசிப் பிள்ளை மணி. அவனைக் கிட்டத்தில் பார்க்க எனக்கு ஆசை. வராதேம்மா என்று சொன்னவனுக்குத் தெரியாமல் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன்.

எதிராளி கோல்காரனைக் கேலி பண்ணுவதற்கென்றே இந்த ஊர்ப் பெண்கள் இங்கே கூடுவார்களாம். அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

"அது காலா, முருங்கக்காயா?" என்று ஒருத்தி கத்துகிறாள்.

நான் முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொள்கிறேன். நாங்கள் ஒரு கோல் போட்டாயிற்று. மணி இன்னும் கொஞ்ச நேரம் தாங்கினால் ஜெயம் எங்களுக்குத்தான்.

பக்கத்தில் வெற்றிலை மெல்லுகிற அம்மாள் என்னை இடிக்கிறாள். "இன்னாம்மா, வாயில கொழுக்கட்டையா கீது? நீயும் ரெண்டு வார்த்தை உடேன்!"

"எனக்குக் கூச்சமா இருக்கும்மா."

"நீ எங்க ஊரா, அவங்க ஊரா?"

மாட்டிக்கொள்ளாமல் இருக்க நானும் ஏதாவது கத்தியாக வேண்டும். ஆனால் எனக்குக் கேலி பண்ணத் தெரியாது. தினம் காலையில் வீட்டில் கத்துவதுதான் வாயில் வருகிறது.

"டேய், விடிஞ்சது தெரியலையா? எழுந்திருடா!"

மணி சட்டென்று திரும்புகிறான். "அம்மா?" என்கிறான். பந்து அவன் தோளைத் தாண்டி உள்ளே போகிறது.

பெண்கள் எல்லாரும் குதிக்கிறார்கள். அந்த அம்மாள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பிறகு தன் வெற்றிலையில் ஒன்றை என் கையில் திணித்துவிட்டு மணியைப் பார்த்துக் கத்துகிறாள்.

"நைனா, அடுத்த தபாவும் அம்மாவைக் கண்டிப்பா இட்டுக்கினு வா!"