அனுமதி பெற்ற அலை

நாகர்கோவிலில் ஓய்வு பெற்றவர்கள் இரண்டு வகை. காலையில் நடப்பவர்கள், மாலையில் இலக்கியம் கேட்பவர்கள். முழங்கால் ஒத்துழைக்காததால் நான் இரண்டாவது வகையில் சேர்ந்துவிட்டேன். போன வாரம் ஓர் இளம் பேராசிரியர், கதைகளிலும் சினிமாவிலும் வரும் குறியீடுகளைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினார். மழை வெறும் மழையல்ல, கதவு வெறும் கதவல்ல என்றார். நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியாவது நாற்காலிதானா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

ஒரு பொருளுக்குள் இன்னொரு பொருள் ஒளிந்திருக்கும் என்ற பாடம் எனக்கு ஒன்பது வயதிலேயே நடத்தப்பட்டுவிட்டது. நடத்தியது எங்கள் ஊர் அலை. விளங்கத்தான் கொஞ்ச வருஷம் பிடித்தது.

எங்கள் ஊர் கன்னியாகுமரிக்கு மேற்கே, கடலோரம். அப்பா பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர். ஒருநாள் சென்னையிலிருந்து சினிமாக்காரர்கள் மூன்று பேர் காமிராவுடன் வந்து, கரையில் படம் எடுக்க அனுமதி கேட்டார்கள். நடிகர் வருகிறாரா என்று அப்பா கேட்டார். வரவில்லை. நடிகை? அவரும் இல்லை. பிறகு எதைத்தான் எடுக்கப் போகிறீர்கள்? அலையை.

அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் வீடு சினிமா பார்க்காத வீடு. எங்கள் கிறிஸ்தவ சபையில் அதைப் பாவக் கணக்கில் வைத்திருந்தார்கள். ஆனால் அலை ஆண்டவரின் படைப்பு. அதைப் படம் எடுப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது. மனு வாங்கி, முத்திரை ஒட்டச் சொல்லி, தலைவரிடம் கையெழுத்துப் பெற்று, மூன்று நிபந்தனைகளோடு உத்தரவு எழுதிக் கொடுத்தார். நானும் பிற்காலத்தில் வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருஷம் உத்தரவு எழுதினேன். அலைக்கு அனுமதி கொடுத்த உத்தரவை வேறெங்கும் கண்டதில்லை. இன்றைக்கு அதே அனுமதி வேண்டுமென்றால் கடலுக்கு ஓர் அலுவலகம், கரைக்கு ஓர் அலுவலகம், பாறைக்கு ஓர் அலுவலகம் என்று ஏறி இறங்க வேண்டும். முடிப்பதற்குள் பாறை தேய்ந்துவிடும்.

உத்தரவோடு அப்பா நிற்கவில்லை. லீவு போட்டுவிட்டு அவர்களோடு கரைக்கு வந்தார். நானும் ஒட்டிக்கொண்டேன். எந்தப் பாறையில் அலை உயரமாக எழும்பும் என்று காட்டிக்கொடுத்தார். காமிராவுக்கு வெயில் படாமல் குடை பிடித்தார். சின்ன அலை வந்தால், "கொஞ்சம் பொறுங்கோ, பெரிசு வரும்" என்று கடலின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். சாயங்காலம் அவர்கள் மூட்டை கட்டும்போது அந்த அலை ஏறக்குறைய எங்கள் குடும்பச் சொத்தாகியிருந்தது.

ஆறு மாதம் கழித்து அத்தைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. வயது இருபத்தாறு, அந்தக் காலக் கணக்குப்படி காலதாமதம். மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது. நான்காவது இடம் மார்த்தாண்டம் பக்கம். மாப்பிள்ளைக்கு மின்சார வாரியத்தில் வேலை. அவருடைய அப்பா புவியியல் வாத்தியாராக இருந்து தலைமையாசிரியரானவர், அவர்கள் சபையில் மூத்தவர். பெண் பார்த்து, சாப்பிட்டு, "கலந்து பேசிச் சொல்லுதோம்" என்று கிளம்பினார்கள். கோப்பில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதுவதும் இதுவும் ஒன்றுதான். இதையும் விட்டால் வேறு இடம் வராது என்று அம்மா ராத்திரி பகலாக ஜெபம் செய்தாள்.

அந்த வாரமே எங்கள் அலை இருக்கும் படம் நாகர்கோவிலுக்கு வந்தது. அப்பா மார்த்தாண்டம் போய் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்தார்.

"நாங்க படம் பாக்குகதில்ல," என்றார் தலைமையாசிரியர்.

"நாங்களுந்தான். இது படமில்ல, அலையாக்கும். பாறையில அலை அடிக்குகது அப்பிடியே உண்டு."

"கடல் அரிப்பா?"

"அதேதான்."

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு ஏழு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். அத்தை ஒரு முனை, மாப்பிள்ளை மறு முனை, நடுவில் ஐந்து பேர் அரண். ஒரு மணி நேரம் ஓடியும் கடல் வரவில்லை. அப்பா தலைமையாசிரியர் பக்கம் சாய்ந்து, "வரும், வரும்" என்றார். கதாநாயகனும் கதாநாயகியும் மலைமேல் மழையில் நனைந்து ஒரு குடிசைக்குள் ஒதுங்கினார்கள். அவன் கதவைச் சாத்தினான். அவள் தலை குனிந்தாள். அவன் ஒரு அடி எடுத்து வைத்தான்.

திரை முழுக்க அலை அடித்தது.

நான் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினேன். "அப்பா, நம்மளுக்க அலை!"

கொட்டகை அதிர்ந்தது. முன்பெஞ்சிலிருந்து விசில் பறந்தது. ஒருவர் திரும்பிப் பார்த்து, "ஒங்களுக்க அலையா மக்கா? கொள்ளாம், கொள்ளாம்!" என்று மெச்சினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டாவது அலை அடித்தது. மூன்றாவது இன்னும் பெரிதாக அடித்தது. அலை வடிந்தபோது குடிசையில் விடிந்திருந்தது. கதாநாயகி கலைந்த கூந்தலை முடிந்துகொண்டிருந்தாள். மலைமேல் கடல் எப்படி வந்தது என்று கொட்டகையில் ஒருவரும் கேட்கவில்லை.

"இரியில கீழ," என்று அம்மா என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். அத்தை முந்தானையில் முகத்தைப் புதைத்திருந்தாள், தோள் குலுங்கியது. நான் கத்தியதில் கல்யாணம் போயிற்று என்று அழுகிறாள், பாவம் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் மறு முனையில் மாப்பிள்ளையும் கைக்குட்டைக்குள் முகத்தை வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன துக்கம் என்று புரியவில்லை.

இடைவேளையில் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். சோடாக் கடை நிழலில் அப்பா, அலுவலகத்தில் விளக்கம் கொடுப்பவர் மாதிரி நின்றார்.

"இப்பிடி வைப்பாவன்னு எனக்க கவனத்துக்குக் கொண்டுவரல்ல. மனுவில அலை மட்டும்னுதான் எழுதியிருந்துது."

தலைமையாசிரியர் சோடாவை முழுக்கக் குடித்து, புட்டியைத் திருப்பிக் கொடுத்து, வாயைத் துடைத்தார். அம்மாவின் உதடுகள் ஜெபத்தில் அசைந்தன.

"ஓய்," என்றார் கடைசியில். "அலை மூணு தரம் அடிச்சுதே. மூணும் ஒண்ணா, வேற வேறயா?"

அப்பாவுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. "வேற வேற. மூணாவது சாயந்திரம் எடுத்தது. கொடை நாந்தான் பிடிச்சேன்."

"கொடை பிடிச்சேரா!"

முதலில் அவருடைய வயிறு குலுங்கியது. பிறகு ஆளே குலுங்கினார். அதற்காகவே காத்திருந்தது போல மாப்பிள்ளை வெடித்துச் சிரித்தார். அதே நொடியில் அத்தையும். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சோடாக்காரருக்கு விஷயம் தெரியாது, அவரும் சிரித்தார். மாப்பிள்ளை தன் அம்மாவின் காதில் ஏதோ சொல்ல, அந்த அம்மா தலைமையாசிரியரின் காதில் சொன்னார்.

"பையனுக்குப் பூரண சம்மதமாம்," என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி. "தை மாசம் வச்சிருவோமா வே?"

சிரிக்காமல் நின்றவர்கள் அப்பாவும் நானும்தான். அந்தக் கொட்டகையில் அலையை அலையாகப் பார்த்தவர்களும் நாங்கள் இருவர்தான். எனக்கு வயது ஒன்பது. அப்பாவுக்கு நாற்பத்திரண்டு, மூன்று பிள்ளைகள்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. முதல் விருந்துக்கு வந்த அன்று சாயங்காலம், அத்தையும் புது மாமாவும் அந்தப் பாறையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பினார்கள். எங்கள் கரையில் பாறைகள் ஏராளம். படம் எடுத்த அன்று அத்தையை யாரும் கரைக்கு விடவில்லை. எனவே நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

"நீ எங்கல போற?" என்றாள் அம்மா.

"பாறையக் காட்டண்டாமா?"

"ஒண்ணும் காட்டண்டாம். அவியளே பாத்துக்கிடுவாவ."

"அவனும் போகட்டு," என்றார் அப்பா, பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல். "பாறை மாறிப் போச்சுன்னா?"

அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் அவர் பத்திரிகைக்குள் இன்னும் ஆழமாகப் போனார். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் இருவரும் கால் நிறைய மணலோடு திரும்பி வந்தார்கள்.

"எந்தப் பாறையப் பாத்திய?" என்று கேட்டேன்.

அத்தை கிழக்கே கை காட்டினாள். அதே நேரம் மாமா மேற்கே கை காட்டினார். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரே ஓட்டமாக உள்ளே போய்விட்டார்கள்.

அவ்வளவு தூரம் போயும் ஓர் அலையை ஒழுங்காகப் பார்த்துவிட்டு வரத் தெரியவில்லையே என்று எனக்கு அன்றைக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.